இஸ்ரேல் அரசைக் கண்டித்தால் சாபமா? யூதரை ஏசும்போது சும்மா இருக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் காசாவின் படங்கள் வருகின்றன. கூடவே "ஹிட்லர் பாதியில் விட்டதுதான் தப்பு" என்கிற ரகச் செய்திகளும் வருகின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபக்குழுவுக்குப் போனால் அங்கே மேசைமேல் இஸ்ரேல் கொடி. இஸ்ரேலுக்கு விரோதமாக ஒரு வார்த்தை பேசினாலும் ஆதியாகமம் 12:3-இல் உள்ள சாபம் வந்து சேரும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டாராம். கிறிஸ்தவராக இருந்துகொண்டு இஸ்ரேலைக் கண்டிக்கலாமா கூடாதா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார்.

அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓர் அரசாங்கத்தின் செயலைத் தவறு என்று சொன்னால் அது ஒரு ஜனத்தைச் சபிப்பதாகிவிடுமா? ஒரு ஜனத்தை மதிக்கவேண்டும் என்றால் அவர்கள் பேரில் நடக்கும் அரசாங்கம் செய்வதற்கெல்லாம் ஆமென் சொல்லவேண்டுமா? இரண்டுக்கும் என் பதில் "இல்லை". ஆனால் அந்த "இல்லை"யோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பதில்தான். கண்டிக்கும் உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எந்த வாயால், எந்தச் சொற்களால் கண்டிக்கிறோம் என்பதில்தான் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகச் சறுக்கியிருக்கிறோம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இறையியல் படித்தவன், பினாங்கில் வேதபாட வகுப்பும் சபை வரலாறும் நீண்ட காலமாக நடத்தி வருகிறேன். வழக்கறிஞர் இல்லை, அரபு மொழி வாசிக்கமாட்டேன். அதனால் வேதத்தையும் வரலாற்றையும் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்வேன். சர்வதேசச் சட்டம் என்று வரும்போது நீதிமன்றங்கள் சொன்னதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் அந்த வசனம். "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன், உன்னைச் சபிக்கிறவனைச் சபிப்பேன்" என்பது ஆபிராமிடம் சொல்லப்பட்டது. அதே வசனம் முடிவது எங்கே என்று பாருங்கள்: பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் அவனுக்குள் ஆசீர்வதிக்கப்படும். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை ஏனோ விழுங்கிவிடுகிறார்கள். கலாத்தியர் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் ஆபிரகாமின் சந்ததி என்று கிறிஸ்துவைக் காட்டி, அவருக்குள் இருக்கிற புறஜாதியாரும் ஆபிரகாமின் சந்ததிதான் என்கிறார். ஆதியாகமம் 17:20-இல் இஸ்மவேலுக்கும் ஆசீர்வாதம் உண்டு. ஆக, இந்த வசனத்தை எடுத்து 1948 மே 14-இல் அறிவிக்கப்பட்ட ஒரு நவீன அரசின் அமைச்சரவைத் தீர்மானங்களுக்குப் பாதுகாப்புக் கவசமாக மாட்டுவது வேதத்திலிருந்து நேராக வரும் முடிவு கிடையாது. அது 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஜான் நெல்சன் டார்பி என்பவர் வகுத்த வியாக்கியான முறையிலிருந்து வந்தது. 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் வழியாக அமெரிக்காவில் பரவி, அங்கிருந்து மிஷனெரிகளும் தொலைக்காட்சி ஊழியக்காரர்களும் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். அப்படி நம்புகிறவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவர்களில் ஜெபிக்கிற, நேர்மையான மனிதர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். ஆனால் அது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளின் போதனை அல்ல. ஆதிச் சபை இதை அறிந்ததும் இல்லை. "வேதம் சொல்கிறது" என்று உங்கள் குழுத் தலைவர் சொல்லும்போது, "வேதத்தை இப்படியும் சிலர் வாசிக்கிறார்கள்" என்று மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

சரி, கண்டிப்பது சாபம் என்றால் வேதத்தில் முதலில் சாபத்துக்கு உள்ளாகியிருக்க வேண்டியவர்கள் தீர்க்கதரிசிகள்தான். நாத்தான் தாவீதின் முகத்துக்கு நேரே "நீயே அந்த மனுஷன்" என்றான். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ஆகாப் ராஜா எப்படி அடைந்தான் என்று 1 இராஜாக்கள் 21-ஐ வாசித்துப் பாருங்கள். யேசபேல் ராஜாவின் முத்திரையைப் போட்டுக் கடிதம் எழுதுகிறாள், பொய்ச்சாட்சிகள் வருகிறார்கள், பார்ப்பதற்கு ஒழுங்கான விசாரணை போலவே எல்லாம் நடக்கிறது, நாபோத் கல்லெறிந்து கொல்லப்படுகிறான், ராஜா தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகிறான். அங்கே எலியா வந்து நிற்கிறான். நிலம், அதிகாரம், சட்டத்தின் பேரால் நடக்கும் அநியாயம் என எல்லாம் அந்த அதிகாரத்தில் இருக்கிறது. தேவன் தெரிந்துகொண்ட ஜனம் என்பதால் ஆகாபுக்குச் சலுகை கிடைக்கவில்லை.

ஆமோஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறான். பூமியின் எல்லா வம்சங்களிலும் உங்களை மட்டும் அறிந்துகொண்டேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்கெல்லாம் உங்களிடம் கணக்குக் கேட்பேன் என்பது 3:2-இன் சாரம். தெரிந்துகொள்ளப்பட்டதே கணக்குக் கேட்கக் காரணமாகிறது. அதற்குப் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா என்ன செய்தான்? ஆமோஸ் கலகம் பண்ணுகிறான் என்று ராஜாவுக்குச் சொல்லியனுப்பினான். பிறகு ஆமோசிடம், "பெத்தேலில் இனிப் பேசாதே, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம்" என்று விரட்டினான். எரேமியாவையும் இப்படித்தான் செய்தார்கள். யுத்த மனுஷருடைய கைகளைத் தளரப்பண்ணுகிறான் என்று குற்றஞ்சாட்டிச் சேறு நிறைந்த துரவில் இறக்கினார்கள். போர்க்காலத்தில் கேள்வி கேட்கிறவனைத் துரோகி என்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. இந்த மரபு யூதரிடையே செத்துப்போகவும் இல்லை. எருசலேமில் வாழ்ந்த யெஷாயாஹு லைபோவிட்ஸ் கடைசிவரை பக்தியுள்ள யூதர். 1967 போருக்குப் பிறகு பாலஸ்தீனியராகிய இன்னொரு ஜனத்தை ஆள்வது இஸ்ரேலையே கெடுத்துவிடும் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார். இன்று பெத்செலம் என்ற மனித உரிமை அமைப்பை நடத்துகிறவர்கள் இஸ்ரேலியர்கள்தான். ஆக, கண்டித்தாலே யூத வெறுப்பு என்று சொல்கிறவர் அந்த ஜனத்தின் மிகச் சிறந்த குரல்களையே யூத விரோதிகள் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்.

இதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் தொழிற்சாலைக் குழுவில் எல்லாரும் எனக்குக் கை தட்டுவார்கள். ஆனால் நாம் ஆமோஸ் இல்லை. ஆமோஸ் தன் சொந்த ஜனத்திடம், அதே உடன்படிக்கைக்குள் நின்று பேசினான். தாய் பிள்ளையை அதட்டுகிற உரிமை பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடையாது. அதிலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பல தலைமுறையாக அந்தப் பிள்ளையை அடித்தவர் என்றால்? தீர்க்கதரிசிகளின் கடுமையான வார்த்தைகளை எடுத்து, "பார்த்தாயா, இவர்கள் வேதமே இவர்களைத் திட்டுகிறது" என்று யூதர்மேல் எறிந்ததுதான் சபை செய்த பழைய பாவங்களில் ஒன்று. கி.பி. 386-387-இல் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம் செய்த பிரசங்கங்களை வாசித்தால் மனம் கூசும். அவ்வளவு பெரிய பரிசுத்தவான், யூத ஜெப ஆலயத்தைப் பிசாசுகளின் குடியிருப்பு என்கிறார். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, யூதர்கள் வேறுபட்ட உடை உடுத்தவேண்டும் என்று விதித்தது. இங்கிலாந்து 1290-இலும் ஸ்பெயின் 1492-இலும் அவர்களைத் துரத்தின. செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்.

லுத்தரன் சபையைச் சேர்ந்த தமிழர்கள் இந்த ஊரிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கிலிருந்து நம் கதை தொடங்குகிறது என்று பெருமையாகச் சொல்வோம், நியாயமான பெருமைதான். அதே சரித்திரத்தில் இதுவும் இருக்கிறது. 1523-இல் இயேசு யூதராகப் பிறந்தவர் என்று பரிவோடு எழுதிய மார்ட்டின் லூத்தர், 1543-இல் யூதர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள் என்று எழுதினார். 1938 நவம்பர் 9-10 இரவில் ஜெர்மனியில் யூத ஆலயங்கள் எரிந்தபோது, தூரிங்கியாவின் பேராயர் மார்ட்டின் சாசே, லூத்தரின் பிறந்தநாளில் இவை எரிகின்றன என்று மகிழ்ந்து, லூத்தரின் அந்த வரிகளைத் தொகுத்து ஒரு சிறுநூலே வெளியிட்டார். லூத்தர்தான் நாசிகளை உருவாக்கினார் என்று சொன்னால் அது மிகை; நாசிகளின் இனவாதம் 19-ஆம் நூற்றாண்டின் வேறு சரக்கு. ஆனால் எரிக்க வந்தவன் நெருப்புப்பெட்டி தேடி வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வாழ்ந்த கண்டத்தில்.

அதற்குப் பிறகுதான் சபைகள் வாய் திறந்தன, தாமதமாகவும் தயக்கத்தோடும். 1945 அக்டோபரில் ஜெர்மன் புரொட்டஸ்டண்ட் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் வெளியிட்ட குற்ற அறிக்கையில் யூதர் என்ற சொல்லே இல்லை. 1948-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபை மன்றம் யூத வெறுப்பை தேவனுக்கும் மனிதனுக்கும் விரோதமான பாவம் என்று அறிவித்தது. 1959-இல் திருத்தந்தை 23-ஆம் ஜான் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவுபடுத்திய சொல்லை நீக்கினார். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும் ஒன்றுபோலப் பொறுப்பாக்க முடியாது, இன்றைய யூதர்களை அறவே முடியாது என்று தெளிவாக எழுதிவைத்தது. அமெரிக்காவின் சுவிசேஷ லுத்தரன் சபை 1994-இல் லூத்தரின் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. இவை நடந்து இத்தனை வருடமாகியும் நம் பிரசங்கங்களில் எத்தனை இறங்கியிருக்கின்றன? பரிசுத்த வாரத்தில் நாடகம் போடும்போது யூதாசுக்கு மட்டும் பணப்பையும் கொடூர முகமும் கொடுத்து, "யூதன்" என்று கத்த வைப்பார்கள். பேதுருவும் மரியாளும் அந்த மேடையில் ஏதோ நம் செபராங் பிறைக்காரர்கள் போல நிற்பார்கள். விசுவாசப் பிரமாணத்தில் நாம் வாரந்தோறும் பேர் சொல்வது பொந்தியு பிலாத்துவை. அவன் ரோம ஆளுநர். சிலுவை ரோமத் தண்டனை.

ரோமர் 9 முதல் 11 வரை இந்த இடத்தில் வாசிக்கவேண்டும். தேவன் தம் ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்று பவுல் சொல்கிறார். காட்டொலிவக் கிளையாகிய நீ, ஒட்டவைக்கப்பட்டவன், வெட்டுண்ட கிளைகளுக்கு விரோதமாகப் பெருமை பேசாதே. நீ வேரைச் சுமக்கவில்லை, வேர்தான் உன்னைச் சுமக்கிறது. 11:26-இல் "இஸ்ரவேலர் எல்லாரும்" இரட்சிக்கப்படுவார்கள் என்பதற்கு என்ன பொருள் என்று வேத அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் இங்கே தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் பெருமை பாராட்டாதே என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. யூதரைத் தள்ளிவிட்டுத் தேவன் சபையை அந்த இடத்தில் உட்காரவைத்தார் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கும் அந்தக் கட்டளை பொருந்தும். இஸ்ரேலைக் கண்டிக்கிற நல்ல மனிதர்கள் சிலர்கூடக் கோபத்தில் இந்தப் பழைய போதனைக்குள் கால் வைத்துவிடுகிறார்கள்.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மலேசியாவில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு யூதரைக்கூடச் சந்தித்திருக்கமாட்டார்கள். இஸ்ரேலோடு தூதரக உறவு கிடையாது. நம் கடப்பிதழே இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குத்தான் செல்லும். ஆனால் ஜார்ஜ்டவுனில் யூதர்கள் வாழ்ந்தார்கள். பாக்தாத் வழி வந்த வணிகக் குடும்பங்கள். நாகூர் ரோட்டில் 1929-இல் ஒரு ஜெப ஆலயம் திறந்தார்கள். கூட்டு ஜெபத்துக்குத் தேவையான பத்து ஆண்கள் சேராத நிலை வந்து 1976-இல் மூடினார்கள். ஜாலான் ஜைனால் அபிடினில் மதிலுக்குள் இருக்கும் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு முன்னால் ஜாலான் யஹூடி என்று பெயர். கடைசியாக அங்கே அடக்கம் நடந்தது 2011-இல். அதற்குப் பிறகு இந்தத் தீவில் "யூதன்" என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் வர ஒரு முகம்கூட மிச்சமில்லை. முகம் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் மறுத்துச் சொல்ல வரமாட்டார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதுதான் நடக்கிறது. ஜெபக்குழுவிலும் அதேதான், வேறு வண்ணத்தில்.

2003 அக்டோபரில் புத்ராஜெயாவில் நடந்த இஸ்லாமிய நாடுகளின் உச்சநிலை மாநாட்டில், அப்போதைய பிரதமர் மகாதீர், யூதர்கள் மற்றவர்களை வைத்து மறைமுகமாக உலகை ஆள்கிறார்கள் என்று பேசியது உலகச் செய்தியானது. அதே உரையில், இஸ்ரேல் செய்வதை யூதர்களிலேயே பலர் ஏற்பதில்லை என்றும் சொன்னார். அதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. "மறைமுகமாக ஆள்கிறார்கள்" என்ற கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1903-இல் ரஷ்யாவில் வெளியான, "சீயோன் மூப்பர்களின் திட்டங்கள்" என்ற பெயரில் சுற்றும் ஆவணம் ஒரு போலி. 1864-இல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து மோரிஸ் ஜோலி எழுதிய நூலிலிருந்து பல பகுதிகளைத் திருடி ஒட்டியது அது என்று 1921-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழ் வரிக்கு வரி காட்டிவிட்டது. அப்படியும் 1988-இல் வந்த ஹமாஸ் சாசனத்தின் 32-ஆவது பிரிவு அதை மேற்கோள் காட்டுகிறது. கிறிஸ்தவ ரஷ்யாவில் பிறந்த பொய் அது என்பதால், அதை மறுக்கும் பொறுப்பு நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

அப்படியானால் நியாயமான கண்டனத்துக்கும் வெறுப்புக்கும் கோடு எங்கே? தமிழர்களாகிய நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. 2009-இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததற்கு இலங்கை அரசை நாம் கண்டித்தோம், இன்னும் கண்டிக்கிறோம். அதற்காகப் பிரிக்ஃபீல்ட்ஸ் மகா விகாரையில் விளக்கேற்றும் சிங்களப் பாட்டியை யாராவது கொலைகாரி என்றால் நமக்கே வெட்கமாக இருக்கும். 2016 செப்டம்பரில் ராஜபக்சவின் வருகையை எதிர்த்த சிலர் கோலாலம்பூர் விமான நிலையத்தில் இலங்கைத் தூதரை அடித்தார்கள். அடிவாங்கியவர் சிங்களவர்கூட இல்லை, முஸ்லிம். அரசின்மேல் உள்ள கோபம் மனிதர்மேல் பாயும்போது குறி எப்படித் தவறும் என்பதற்கு இதைவிட நமக்குப் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டாம்.

யூத வெறுப்புக்கு வரையறை தருகிற ஆவணங்களில் இரண்டு அதிகம் பேசப்படுகின்றன: 2016-இல் சர்வதேசப் பேரழிப்பு (ஹோலோகாஸ்ட்) நினைவுக் கூட்டணி ஏற்றது, அதில் குறை கண்ட அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட எருசலேம் பிரகடனம். இஸ்ரேல் அரசு யூதருக்கென்று இருப்பதையே மறுப்பது வெறுப்பா, அரசியல் கருத்தா என்பதில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. யூதர்களுக்குள்ளேயே மதக் காரணத்துக்காக அந்த அரசை ஏற்காத பழமைவாதிகள் இருக்கிறார்கள். இது உண்மையில் தீராத விவாதம். இதில் உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வேன். ஆனால் இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போகும் இடம் நமக்குப் போதுமானது. வேறு எந்த நாட்டையும் கண்டிப்பதுபோல இஸ்ரேலைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. இஸ்ரேல் செய்ததற்கு உலகத்திலுள்ள யூதர்களையெல்லாம் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு. உலக யூதர்களில் சுமார் பாதிப்பேர் இஸ்ரேலுக்கு வெளியே வாழ்கிறார்கள். இஸ்ரேல் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்ற எசேக்கியேல் 18-ஐ வைத்தே நாம் இந்த முடிவுக்கு வந்துவிடலாம்.

இந்தப் போரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை என்ன? 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸும் அதோடு சேர்ந்தவர்களும் சுமார் 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். அது பாவம், அதற்குப் பின்னால் "ஆனால்" போடுவது கிறிஸ்தவ வழக்கம் ஆகாது. அதற்குப் பிறகு காசாவில் பல பத்தாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். அதற்குப் பின்னாலும் "ஆனால்" வரக்கூடாது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகுவுக்கும் அவருடைய முன்னாள் தற்காப்பு அமைச்சருக்கும், ஹமாஸின் படைத் தலைவர் ஒருவருக்கும் கைது ஆணை பிறப்பித்தது. நடந்தது சட்டப்படி இனப்படுகொலையா என்பது தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் விசாரணையில் இருக்கிறது. ஆம் என்று 2025 ஜூலையில் பெத்செலம் அமைப்பே சொன்னது. இஸ்ரேல் அரசு கடுமையாக மறுக்கிறது. நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்றால், ஆதாரத்தோடு பயன்படுத்துவதில் வெறுப்பு எதுவும் இல்லை என்பது என் கருத்து. "யூதர்கள் அப்படித்தான்" என்று அதோடு சேர்த்தால் அந்த நொடியே நீங்கள் வேறு பக்கம் போய்விட்டீர்கள்.

உங்கள் ஜெபக்குழுவில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களுக்காக யாராவது எப்போதாவது ஜெபித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளிலிருந்து அந்த மண்ணில் சபை இருக்கிறது. 1948-இல் வீடிழந்து வெளியேறிய சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனியரில் கிறிஸ்தவர்களும் உண்டு. 2023 அக்டோபர் 19-இல் காசாவின் புனித பொர்ஃபிரியுஸ் ஆர்த்தடாக்ஸ் ஆலய வளாகம் தாக்கப்பட்டு, அங்கே அடைக்கலம் புகுந்தவர்கள் இறந்தார்கள். திருக்குடும்பக் கத்தோலிக்க ஆலயத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தாம் இறக்கும்வரை ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்; 2025 ஜூலை 17-இல் அந்த ஆலயமும் தாக்கப்பட்டு மூன்று பேர் மாண்டார்கள். இஸ்ரேல் தரப்பு அது தவறி விழுந்த குண்டு என்று வருத்தம் தெரிவித்தது. 2009 டிசம்பரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவத் தலைவர்கள் சேர்ந்து வெளியிட்ட கைரோஸ் ஆவணம் ஆக்கிரமிப்பைப் பாவம் என்கிறது, கூடவே எதிரியையும் நேசிக்கச் சொல்கிறது. அதன் இறையியலில் சில இடங்களை யூத நண்பர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சில கேள்விகள் நியாயமானவை என்றே எனக்கும் படுகிறது. அப்படியும் அது நம் சகோதரர்களின் கடிதம், வாசிக்கத்தான் வேண்டும்.

கொடி வைத்து ஜெபிப்பதில் எனக்குள்ள சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பின்னால் உள்ள கடைசிக்காலப் போதனையைக் கொஞ்சம் கடைசிவரை கேட்டுப் பாருங்கள். யூதர் எல்லாரும் தேசத்துக்குத் திரும்பவேண்டும், ஆலயம் கட்டப்படவேண்டும், பிறகு மகா உபத்திரவம். அதில் சகரியா 13:8-ஐக் காட்டி மூன்றில் இரண்டு பங்கு யூதர்கள் மாண்டுபோவார்கள் என்றும் மீதிப்பேர் மனந்திரும்புவார்கள் என்றும் பலர் போதிக்கிறார்கள். இப்படி முடிகிற ஒரு நாடகத்தில் யூதருக்கு வேடம் கொடுத்துவிட்டு அதை அன்பு என்கிறோம். டெல் அவிவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பிரதமரைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போகும் ஒரு சாதாரண மனுஷிக்கு அந்த நாடகத்தில் இடமே இல்லை. ஒருவரை மனிதராகப் பார்க்க மறுப்பதில், சபிக்கிறவரும் இப்படிப் புகழ்கிறவரும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். தொழிற்சாலைக் குழுவில் ஹிட்லர் செய்தி வந்தால் நீளமாக எதுவும் எழுதவேண்டாம். "காசாவுக்காக நானும் அழுகிறேன், இந்தச் செய்தியை மட்டும் ஏற்கமாட்டேன்" என்று ஒரு வரி மலாயில் போடுங்கள். முதல் பாதி உண்மையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் பாதிக்கு மதிப்பில்லை. நம் நாட்டில் மதம் சம்பந்தப்பட்ட வாக்குவாதம் சீக்கிரம் வேறு இடத்துக்குப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் குழுவில் விவாதத்தை வளர்க்காமல், அனுப்பியவர் பழகிய மனிதராக இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் தனியே பேசுங்கள். யூதர் வாழ்க்கையை நேரில் பார்க்க ஆசை இருந்தால் சிங்கப்பூர் போதும். வாட்டர்லூ தெருவில் 1878-இல் திறந்த மகாயின் அபோத் ஜெப ஆலயம் இன்றும் இயங்குகிறது; முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். அந்த ஊரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் யூதர் என்பதே நம்மில் பலருக்குச் செய்தி.

ஜெபக்குழுத் தலைவர் உங்களைவிட வயதில் மூத்தவராகத்தான் இருப்பார். எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசவேண்டாம். அடுத்த முறை வேதவாசிப்பு உங்கள் முறை வரும்போது 1 இராஜாக்கள் 21-ஐயும் ரோமர் 11-ஐயும் ஒரே ராத்திரியில் வாசியுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாமல். பிறகு இஸ்ரேலுக்காக ஜெபிக்கும்போது பிணையாகப் பிடிக்கப்பட்டவர்களின் குடும்பங்களையும் காசாவின் திருக்குடும்ப ஆலயத்தையும் பேர் சொல்லிச் சேர்த்து ஜெபியுங்கள். பெரும்பாலான நல்ல மனிதர்கள் அதற்கு ஆமென் சொல்லிவிடுவார்கள். "அவர்களுக்காக இங்கே ஜெபிக்கக்கூடாது" என்று அவர் தடுத்தால், அந்தக் குழுவில் தொடர்வதா என்று உங்கள் சபைப் போதகரோடு நேரில் உட்கார்ந்து பேசுங்கள். அதை இங்கிருந்து நான் முடிவுசெய்ய முடியாது.